டவர் போவுது

போன மாதம் பழைய துறைமுகத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். மாலத்தீவுக்குக் கிளம்ப நின்ற சரக்குத் தோணி ஒன்றில் வெங்காய மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்தளத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளைப் பெட்டி ஒன்று புதிதாக இருந்தது. செயற்கைக்கோளோடு நேரே பேசும் கருவி. நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியில் இப்போது போன்களையும் கணினிகளையும் பார்த்துக்கொள்ளும் முத்துக்குமார், அதன் திருகாணியை இறுக்கிவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணாச்சி, இனிமே நடுக்கடல்லயும் வீட்டுக்கு வீடியோ கால் போடலாம். டவர் போற கதையே கெடையாது."

"நல்லதுல."

"நம்ம ஆண்டு மலருக்கு நீங்க ஒண்ணு எழுதித் தரணும். போன் பாதுகாப்பு பத்தி நான் சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். அப்டேட் போடுங்கன்னா, 'உனக்குக் கமிஷன் எவ்வளவு'ன்னு கேக்கான்."

"நான் எழுதினா மட்டும் படிப்பானுவளாக்கும்?"

"படத்தையாவது பாப்பானுவ அண்ணாச்சி."

சரி என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவன் சொன்ன ஒரு வார்த்தையே மனதில் ஓடியது. டவர் போற கதையே கெடையாது.

நான் தேதி பிடித்து வாழ்கிறவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை டைரிகள் இருக்கின்றன. கப்பல் வரலாறு, கடற்கரை வரலாறு, பழைய பயணக் குறிப்புகள் என்று கிடைத்ததெல்லாம் படிப்பேன். தேதி இல்லாத புத்தகத்தை நம்பமாட்டேன். ஆனாலும் இந்தக் கட்டுரையில் வருஷமோ தேதியோ இருக்காது. ஒரு தோணியும் ஒரு தேதியும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலுக்கே வழி கிடைத்துவிடும். பிறர் விவரத்தைக் காப்பதே என் கடைசி வேலையாக இருந்தது. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தில் சொல்ல அதிகம் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஏஜென்சியில் முதலில் டெலக்ஸ், பிறகு வாக்கிடாக்கி, பிறகு பேக்ஸ், பிறகு கணினி. ஒவ்வொன்றையும் கற்று முடித்த சமயத்தில் அது வழக்கொழிந்து போகும். கடைசியாக வந்தது போன். மற்றவை எல்லாம் அலுவலகத்துக்குச் சொந்தம், அலுவலகத்தில் பூட்டிவிட்டு வரலாம். போனோ ஆளோடு சட்டைப்பையில் போகிறது. அதே போனில்தான் சரக்கை விடுவிக்கும் ஓடிபி வரும், அதே போனில்தான் மகளின் பள்ளிக்கூடப் படமும் இருக்கும். அதை எப்படிப் பாதுகாப்பது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர் சிவகாமி மேடம். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். ஏரல் பக்கம் ஆற்றுப்பாசனக் கிராமம், அப்பா நெல் விவசாயி. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவர் எனக்கு மேலதிகாரியாக அமர்ந்தார். போனின் இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டைகளை அவர் 'நண்டு வளை' என்பார். "வாய்க்கால் கரையில நண்டு வளை போடும். விரல் நுழையற அளவுதான் இருக்கும். விடியறதுக்குள்ள கரையே பிச்சுக்கிட்டுப் போயிரும். எங்கப்பா தினமும் கரையில குனிஞ்சு பாத்துக்கிட்டே நடப்பாரு. நம்ம வேலையும் அதுதான்" என்று முதல் நாளே சொன்னார்.

அவர் போன் பார்க்கும் விதத்தை இப்போதும் நினைத்துக்கொள்வேன். யாருடைய போனையும் கையில் வாங்கமாட்டார். மேஜையில் ஒரு பச்சைத் துணி விரித்திருக்கும். அதில் போனை வைக்க வேண்டியது வைத்திருப்பவர்தான். அவர் பூட்டைத் திறக்கும்போது மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு வரிசையாகக் கேட்பார். கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் எப்போது வந்தது, எந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறது, செயலிக் கடைக்கு வெளியிலிருந்து இறக்கிய செயலி எதுவும் உண்டா, இந்தக் கணக்கு வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது. திரையைத் தொட வேண்டி வந்தால் "தொடலாமா?" என்று கேட்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரிடமும் அப்படித்தான் கேட்டார். படங்கள் இருக்கும் பக்கம் போகவே மாட்டார்.

துறைமுக வாயில் கிளார்க் ஒருவரின் போனில் டார்ச் செயலி ஒன்று இருந்தது. "டார்ச் அடிக்க உங்க மெசேஜ எதுக்குங்க படிக்கணும் அது?" என்றார் மேடம். கிளார்க், "அது சும்மா கேட்டுச்சு, நானும் சும்மா குடுத்தேன்" என்றார். அது ஓடிபி எண்களைப் படித்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. நல்லவேளை, சரக்கு எதுவும் கை மாறிப்போகவில்லை. அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் 'சும்மா குடுத்தேன்' என்பதே ஒரு கேலிப்பேச்சாகிவிட்டது.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் எச்சரிக்கை ஒன்று வந்தது. குறிப்பிட்ட வகைப் படம் மெசேஜாக வந்தாலே போதும், திறந்து பார்க்காமலே போனுக்குள் ஆள் நுழைந்துவிடலாம். அதை அடைக்கும் அப்டேட் புதிய போன்களுக்கு வந்துவிட்டது. பழைய மாடல்களுக்கு வரவில்லை, வரவும் செய்யாது. எங்களிடம் பழைய போன் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தண்டல்கள். தோணியை நடத்திச் செல்லும் தலைவரைத் தண்டல் என்பார்கள். எல்லாத் தண்டல்களையும் வரச்சொன்னோம்.

முதலில் வந்தவர் ரூபன். தாட்டியான ஆள், சிரித்தால் மாடி வரை கேட்கும். போனைப் பச்சைத் துணியில் வைத்துவிட்டு, "மேடம், எங்க நண்டெல்லாம் கடல்லதான். போன்ல வராது" என்றார்.

மேடமும் சிரித்துவிட்டு வரிசைப்படி கேட்டு வந்தார். கடைசிக் கேள்வியில் நின்றார். ரூபனின் மெசேஜ் கணக்கு ஒரு கணினியிலும் திறந்திருந்தது.

"இது எந்தக் கம்ப்யூட்டர்?"

"நம்ம ஆபீஸ்துதான் மேடம். செல்லத்துரை அண்ணன் சீட்ல இருக்குல்லா, அது."

"உங்க மெசேஜ் எல்லாம் அவர் முன்னால ஏன் ஓடுது?"

"நான்தான் ஓட விட்டேன். நான் மட்டுமில்ல. எல்லாத் தண்டலும்தான்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரூபன் விளக்கினார். கடலுக்குள் போனால் டவர் கிடையாது. மாலத்தீவுத் தலைநகர் மாலியில் கரை சேர்ந்தாலும் இந்த ஊர் சிம் பேசாது. தோணி சேர்ந்த சேதி மாலி ஏஜென்ட் மூலமாக எங்கள் அலுவலகத்துக்குத்தான் முதலில் வரும்; அதை வாங்கிப் பதிவது எங்கள் கிளார்க் செல்லத்துரை. அதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாமே என்று கேட்டால், அங்கேதான் சிக்கல்.

"ஆபீஸ் நம்பர்லருந்து போன் வந்தா எங்க பொம்பளையளுக்கு உசிரே போயிரும் மேடம். எங்கப்பா செத்த சேதி அந்த நம்பர்லதான் வந்துச்சு. நல்ல சேதின்னு சொல்லி முடிக்கதுக்குள்ள போனக் கீழ போட்டுட்டு அழ ஆரம்பிச்சிருவாளுவ. அதான், சேதி வந்ததும் எங்க பேருலயே ஒரு மெசேஜ் போட்டுருங்கன்னு செல்லத்துரை அண்ணன்கிட்ட ஏற்பாடு."

"எழுதுறது நீங்க இல்லன்னு வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு மேடம் அது?"

மேடம் திரையில் அந்தக் கணினியின் பெயரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, "இது போன் கம்பெனி விட்ட வளை இல்ல. நீங்களா வெட்டுனது" என்றார்.

"கரையில வளை விழுந்தா தண்ணி வெளிய போவும் மேடம். இதுல சேதில்லா உள்ள வருது."

அன்றே எல்லா இணைப்புகளையும் துண்டித்திருக்கலாம். விதிப்படி அதுதான் சரி. ஆனால் ரூபனின் தோணி கல்லறைத் திருநாள் முடிந்ததும் கிளம்ப இருந்தது. திடீரென்று துண்டித்தால் வீட்டில் சேதியில்லாமல் தவிப்பார்கள். கரையில் நிற்கிற தண்டல்கள் அன்றே வீட்டில் சொல்லித் துண்டிப்பது, ரூபன் இந்த ஒரு நடை முடித்து வந்து தானே மனைவியிடம் சொல்லிவிட்டுத் துண்டிப்பது என்று மேடம் முடிவு செய்தார். "வந்ததும் மொத வேலை அதான் மேடம். மெட்டில்டாட்ட நானே சொல்லுதேன். அடி விழுந்தா வந்து காட்டுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோணி கிளம்பி, மாலி சேர வேண்டிய நாள் கடந்தது. இடையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி மேற்கே நகர்ந்திருந்தது. மாலியிலிருந்து சேதி இல்லை. கடலில் தேடும் பணிக்கான அதிகாரிகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கடல் வரைபடத்தை விரித்தார்கள். மெட்டில்டாவும் வந்திருந்தாள். எல்லோர் முகமும் வெளிறியிருக்க, அவள் மட்டும் தெளிவாக இருந்தாள்.

"நேத்து சாயங்காலம் மெசேஜ் போட்டுருக்காவ" என்று போனை நீட்டினாள்.

அதில் இருந்தது: 'நான் நலம். கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.'

அதிகாரி நிமிர்ந்தார். "நேத்து டவர் கிடைச்சிருக்குன்னா ஏதோ ஒரு கரைக்குப் பக்கத்துலதான் நிக்கணும்." அவருடைய பென்சில் கரையோரமாக வட்டம் போடத் தொடங்கியது. மூலையில் செல்லத்துரை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் பச்சைத் துணியை எடுத்து வந்து வரைபடத்தின் மேலேயே விரித்தார். "அம்மா, போனை இதுல வைங்க. தொடலாமா?" என்று அப்போதும் கேட்டார். மெட்டில்டா தலையசைத்தாள். ஒவ்வொரு மெசேஜுக்கும் உள்ளே ஓர் அடையாளக் குறி இருக்கும். போனிலிருந்து போனால் ஒரு வகை, கணினியிலிருந்து போனால் வேறு வகை. அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும். பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

"மெட்டில்டா, இது ரூபன் அனுப்புனது இல்லம்மா" என்றேன்.

"அவிய பேருலதான வந்திருக்கு?"

"பேரு அவருதுதான். எழுதுனது இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல."

அவள் மெதுவாகத் திரும்பிச் செல்லத்துரையைப் பார்த்தாள். "ஏண்ணே?"

"எங்க இருக்கீய, எங்க இருக்கீயன்னு நீ கேட்டுக்கிட்டே இருந்த தாயி. எல்லாம் என் கண்ணு முன்னாலதான் வருது. படிச்சிட்டுச் சும்மா இருக்க முடியல."

மாலியிலிருந்து சேதி எதுவும் வராமல் செல்லத்துரை போட்ட ஒரே மெசேஜ் அதுதான். அதிகாரி கேட்டார், "அப்ப அவர் கையால அனுப்புன கடைசி மெசேஜ் எது?"

தோணி கிளம்பிய அன்று வந்தது. 'டவர் போவுது.' அவ்வளவுதான்.

அந்த மெசேஜ் வந்த நேரத்திலிருந்து தோணியின் வேகத்தையும் காற்றையும் கணக்கிட்டார்கள். கரையோரத்து வட்டத்தை அழித்துவிட்டுப் பென்சில் திறந்த கடலுக்குப் போனது. அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல்களுக்குத் தகவல் போனது. ஒரு கப்பல், உடைந்த பலகைகளைக் கட்டி மிதந்துகொண்டிருந்த தோணிக்காரர்களைத் தூக்கிக்கொண்டது. ரூபன் அவர்களில் இல்லை.

கிறிஸ்துமஸ் குடில்களைப் பிரித்த பிறகு ஒரு நாள் காலையில் மெட்டில்டா மறுபடி வந்தாள். மீண்டு வந்தவர்களில் ஒருவரான லாரன்ஸும் வேறு வேலையாக அங்கே இருந்தார். அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இதுல அவிய எழுதினது எது, ஆபீஸ் எழுதினது எதுன்னு பிரிச்சுத் தாங்க."

"எதுக்கும்மா இப்ப?"

"இத்தன வருசம் நான் யாருகூடப் பேசினேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

மேடத்தைப் பார்த்தேன். அவர் பச்சைத் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த உரையாடல் அவருக்கு உரியதல்ல என்று நினைத்திருக்க வேண்டும். நான் மெசேஜ்களை நகலெடுத்து, கணினியில் குறிகளைப் பிரித்துக்கொண்டேன். பிறகு மெட்டில்டாவே தன் விரலால், நான் சொல்லச் சொல்ல, ரூபனின் மெசேஜ்களுக்கு நட்சத்திரம் போட்டாள். அப்படிப் போட்டால் அவற்றை மட்டும் தனியாகத் திறந்து பார்க்கலாம்.

'சாப்பிட்டாயா' என்பதில் அவள் விரல் தானாகவே போனது.

"அது இல்லம்மா."

'பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா.'

"அதுவும் இல்ல."

'பத்திரமாக இரு.' இல்லை. 'நான் நலம்.' இல்லை. நீளமாக, முற்றுப்புள்ளி வைத்து வந்ததெல்லாம் செல்லத்துரை எழுதியது.

"கரை சேந்த பெறவு நிதானமா எழுதுதாவன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

ரூபன் எழுதியவை இரண்டே வகை. கிளம்பும்போது, 'டவர் போவுது.' திரும்பி வரும்போது, 'டவர் வந்துட்டு.' ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஜோடி. வேறு ஒரு சொல்லும் இல்லை. கடைசி நடைக்கு மட்டும் ஜோடி இல்லை. மெட்டில்டா நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் திறந்து, மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். போவுது, வந்துட்டு, போவுது, வந்துட்டு.

"இதுதானா அண்ணாச்சி? இத்தன வருசத்துல இது ஒண்ணுதானா?"

சுவரோரம் நின்ற லாரன்ஸ்தான் பேசினார்.

"ஏளா மெட்டில்டா, அவரு அத எப்படி அனுப்புவாருன்னு தெரியுமா ஒனக்கு? தோணி கிளம்புனதும் நாங்க எல்லாரும் வீட்டுக்குப் பேசிட்டுப் போன அணைச்சிருவோம். தண்டல் மட்டும் பின்தளத்துல போய் நிப்பாரு. போன ஒசத்திப் பிடிச்சிக்கிட்டு அந்த டவர் கோடுகளையே பாத்துக்கிட்டு. சோறு ஆறிப்போவுதுன்னு கூப்பிட்டாக்கூட வரமாட்டாரு. ஒரே ஒரு கோடுதான் இருக்குன்னதும் அனுப்புவாரு. 'மொதல்லயே அனுப்பிட்டு வாரும்வே'ன்னு நான் ஏசுவேன். 'லே, மொதல்ல அனுப்புனா அவ பேச ஆரம்பிச்சிருவா, பதில் பாதில அறுந்துரும். கடைசியா அனுப்புனாத்தான் அதுவரைக்கும் நான் கூட இருந்தேன்னு அவளுக்குத் தெரியும்'பாரு."

மெட்டில்டா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். போகும்போது செல்லத்துரையின் மேஜைக்கு முன்னால் நின்று, "பிள்ளையளுக்குக் காய்ச்சல்னு நான் எழுதினப்ப எல்லாம் கேட்டீயளே அண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து நின்றார். அவள் போய்விட்டாள்.

அலுவலகத்தில் அந்த இணைப்புகள் எல்லாம் முடிவுக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு தனியாக ஓர் எண் ஏற்படுத்தினோம். சேதி வந்தால் அந்த எண்ணிலிருந்து, அலுவலகத்தின் பெயரிலேயே போகும். நல்ல சேதி மட்டுமே போகும் எண் அது. வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்றுவரை பயன்படுத்தவில்லை.

மிஞ்சியது மெட்டில்டாவின் போன். அதற்கும் அப்டேட் நின்றுவிட்டது. படத்தாலேயே உள்ளே நுழையும் அந்த வளை அதிலும் உண்டு. புதுப் போன் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தருகிறேன் என்று சொன்னேன். மறுத்துவிட்டாள். "இந்தப் போனுக்குத்தான் அவிய அனுப்புனாவ. இன்னொண்ணுல ஏத்துனா அது நீங்க அனுப்புனதாயிரும்." ஒருமுறை ஏமாந்தவள் என்பதால் நான் வற்புறுத்தவில்லை. பேசுவதற்கு வேறு போன் வாங்கிக்கொண்டாள்.

அடைக்க முடியாத ஓட்டை உள்ள போனுக்கு ஒரே பாதுகாப்புதான் உண்டு. எந்த நெட்வொர்க்கோடும் சேராமல் வைப்பது. சிம்மை எடுத்துவிட்டு, வைபையை அணைத்து, விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுத்தேன். மேலே கோடுகள் தெரியும் இடம் காலியாகிவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. மெசேஜ் செயலி பழசாகிவிட்டால் திறக்காது, என்னைப் புதுப்பி என்று சொல்லி மறித்து நிற்கும். அது போனில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் தன் வயதைக் கணக்கிடுகிறது. போனின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் திறக்கும். டைரியில் ஒரு நாள் பிசகினாலும் தூக்கம் வராத நான், அந்த ஒரு போனில் மட்டும் வேண்டுமென்றே பொய்த் தேதி வைத்தேன். செயலி ஏற்கும் வரம்புக்குள் எந்த நாளை வைக்கட்டும் என்று மெட்டில்டாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. ரூபன் கடைசியாகப் போன வருஷத்து மாதா திருவிழா முடிந்த மறுநாளைச் சொன்னாள். சீசன் தொடங்காமல், தோணிகள் எல்லாம் கரையில் கிடந்த நாள்.

வைத்த நாளிலிருந்து போனின் தேதி அதன் போக்கில் ஓடும். அந்தக் கடைசி நடைக்குத் தோணி கிளம்பும் நாளை அது எட்டுவதற்குள் நான் போய்த் திருப்பி வைக்க வேண்டும். மெட்டில்டா அதைத் தானே செய்யப் பழகிக்கொண்டிருக்கலாம். சொல்லியும் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள், ஆள் வந்து வைத்தால்தான் சரியாக இருக்குமாம். ஓய்வுக்குப் பிறகு என் டைரியில் தவறாமல் வரும் ஒரே வேலை அதுதான்.

வெள்ளைப் பெட்டி மாட்டிய தோணியைப் பார்த்துவிட்டு வந்த வாரமும் போயிருந்தேன். புதுக் கருவியைப் பற்றிச் சொன்னேன். இனி டவரே போகாதாம் என்றேன்.

"நல்லதுதான். பிள்ளையளுக்குப் பயமில்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்ப கடைசில என்னத்த எழுதுவாவ?" என்று கேட்டாள்.

நான் தேதியைத் திருப்பி வைத்துப் போனை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் திரையில் நாளைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

"சரிதான் அண்ணாச்சி. இன்னும் கடலுக்குப் போகல."